முன் அனுமதி

பனிக்கட்டியில் துளையிட்டு
அதைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம் நால்வர்.
மின்னசோட்டாவில் பிப்ரவரி.
ஏரியின் மேலேயே லாரி ஓட்டலாம்.
டுவெய்னின் பலகைக் கூண்டுக்குள்
காஸ் அடுப்பு உஸ்ஸென்று இரைந்துகொண்டிருந்தது.

வேலையைப் பற்றி மூச்சு விடக் கூடாது
என்பதுதான் பேச்சு.
முதல் காபி ஆறுவதற்குள்
அது காற்றில் போயிற்று.

லவோன் இரவுப் பணி நர்ஸ்.
பதினான்கு கட்டிலுக்கு இரண்டே பேர்.
நேற்று ஒருவர் தண்ணீர் கேட்டாராம்.
கொண்டுபோய்க் கொடுக்க நாற்பது நிமிடம்.
"குடித்து முடித்துவிட்டு
என்னிடம் மன்னிப்புக் கேட்டார்" என்றாள்.
அதற்கு மேல் சொல்லவில்லை,
காபிக் குவளையின் பிடியைத்
திருகிக்கொண்டே இருந்தாள்.

பா ஞியா வீடு வீடாகப் போய்
எழ முடியாதவர்களைக் குளிப்பாட்டுகிறாள்.
ஐந்து வீடு, ஐந்து சோப்பு வாசனை.
அவளுக்கு மருத்துவக் காப்பீடு கிடையாது.
வாரத்துக்கு இருபத்தொன்பது மணி நேர வேலைதான் தருகிறார்கள்.
முப்பதைத் தொட்டால் காப்பீடும் தர வேண்டுமாம்.
"அந்த ஒரு மணி நேரத்தை
எந்தப் பெட்டியில் பூட்டி வைத்திருக்கிறார்களோ,
கண்டால் சொல்லுங்கள்."

நான் ஆம்புலன்ஸ் ஓட்டுகிறேன்.
சைரனுக்குத் தனிக் காசா,
அப்படியென்றால் போடாதே என்றவர் உண்டு.
நெஞ்சைப் பிடித்துக்கொண்டே
அடுத்த பஸ் எத்தனை மணிக்கு என்றவரும் உண்டு.
அவருக்கு நேரம் சொன்னேன்.
இன்னும் அது உறுத்துகிறது.

டுவெய்ன் துளையையே பார்த்துக்கொண்டிருந்தான்.
அவன் காப்பீட்டுக் கம்பெனியில்.
மறுப்புக் கடிதங்கள் அவன் மேசை வழியாகத்தான் போகின்றன.
கையெழுத்து யாரோ ஒரு டாக்டருடையது.
'வருந்துகிறோம்' மட்டும் இவனுடையது.
"முன்பு 'மிகவும் வருந்துகிறோம்' என்றுதான் எழுதுவேன்.
'மிகவும்' வேண்டாமென்று
போன வருடம் சுற்றறிக்கை வந்தது."

யாரும் சிரிக்கவில்லை.
பிறகு லவோன் சிரித்தாள்,
அவளால் நாங்களும்.

அந்தச் சிரிப்பில்தான் கோல் வளைந்ததைக் கவனிக்கவில்லை.
பா ஞியா பாய்ந்து பிடித்தாள்.
மீன் உதறிக்கொண்டு போனது,
முள் அவள் பெருவிரல் சதையில் ஏறிக்கொண்டது.
பனியில் விழுந்த ரத்தம்
பூவாக எல்லாம் தெரியவில்லை.
ரத்தமாகத்தான் இருந்தது.

பழக்கத்தில் என் கை வண்டிச் சாவிக்குப் போயிற்று.

"எவ்வளவு ஆகும்?" என்றாள்.
வலிக்கிறது என்று சொல்வதற்கு முன்பே.

மூவரும் டுவெய்னைப் பார்த்தோம்.
அவன் மனக்கணக்காகச் சொன்னான்:
அவசரப் பிரிவு வாசலை மிதிக்க இவ்வளவு,
டாக்டர் முகத்துக்கு இவ்வளவு,
முள்ளுக்கு, ஊசிக்கு, கட்டுக்கு.
மொத்தம் அவளுடைய இரண்டு மாத வாடகை.
கூசிப்போய் மூடிக்கொண்டான் வாயை.

லவோன் அதற்குள் சட்டைக் கையை மடித்திருந்தாள்.
விஸ்கியில் கை கழுவினாள்.
"நான் இங்கே இல்லை,
நீங்களும் எதையும் பார்க்கவில்லை,
இருபது வருட லைசென்ஸ்" என்றபடி
குறட்டை வாங்கினாள்.
டுவெய்ன் செல்போன் வெளிச்சம் பிடித்தான்.
வெளிச்சம் நடுங்கியது.

பல்லைக் கடித்துக்கொண்டு
பா ஞியா அவனைப் பார்த்துக் கேட்டாள்:
"முன் அனுமதி வாங்கியாயிற்றா?"

அவன் ஏதோ சொன்னான்.
முள்ளின் நுனியைக் கத்தரித்த சத்தத்தில்
எங்களுக்குக் கேட்கவில்லை.

கட்டுப் போட்ட பிறகு
லவோன் கேட்டாள், கடைசியாக
டெட்டனஸ் ஊசி எப்போது போட்டாய் என்று.
பா ஞியா நினைவைத் துழாவினாள்.
முதல் பையன் பிறந்தபோது இருக்கலாம்,
அவனுக்கு இப்போது மீசை.

பிறகு கோட்டுப் பையிலிருந்து
ஒரு ரப்பர் கையுறையை எடுத்தாள்.
திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு
ஹால்வர்சன் அம்மாளைக் குளிப்பாட்ட வேண்டும்.
கட்டோடு நுழைகிறதா என்று
மெல்ல மெல்ல இழுத்துப் பார்த்தாள்.

நுழையவில்லை.
டுவெய்ன் தன் கையுறையைக் கழற்றி நீட்டினான்,
தடித்த கம்பளிக் கையுறை,
எதற்கும் உதவாது.
அவள் வாங்கிப் போட்டுக்கொண்டாள்.