செருகப்படாத அட்டை

கார் வாங்கிய அன்று
வழக்கப்படி சக்கரத்தில் பால் தெளித்தேன்.
மைனஸ் முப்பத்தொன்று.
டயரில் பட்டதும் பால் உறைந்து
வெள்ளைப் பொத்தான்களாய் ஒட்டிக்கொண்டது.
சகுனம் நல்லதா கெட்டதா என்று கேட்க
அந்நேரம் தெருவில் ஒரு நாய்தான் இருந்தது.

உலான்பாத்தர் சந்தையில்
வரிசை வரிசையாய் வெள்ளை ஹைப்ரிட்கள்,
எல்லாம் ஜப்பானில் ஓடிக் களைத்தவை.
இதை ஏன் எடுத்தேன் என்றால்
பொத்தானை அமுக்கியதும் ஒரு பெண் பேசினாள்,
அவள் மொழியில், அத்தனை மரியாதையாக.
"என்ன சொல்றா?"
"பயணம் நலமாகட்டும்னு சொல்றா, அக்கா"
என்றான் ஷினெபயார்,
என் பதினோரு மில்லியன் துக்ரிக்கை
இரண்டாம் தடவை எண்ணிக்கொண்டே.

மூன்றாம் நாள் விடிகாலை,
ரொட்டி ஆலைக்குப் போகும் மேட்டில்
டாஷ்போர்டில் சிவப்பு முக்கோணம்.
எழுபதில் போனது இருபதுக்கு வந்தது.
பின்னால் வந்த பஸ்
ஹார்னிலேயே என் ஏழு தலைமுறையையும் திட்டியது.

பூரெவ்சுரென் கடை ஒரு பழைய கன்டெய்னர்.
பின் இருக்கையை மடக்கி
மூடியைக் கழற்றிக் காட்டினான்:
பள்ளிக்கூட வரிசையில் நிற்பதுபோல்
இருபத்தெட்டு செல்கள்.
மீட்டர் முள்ளை வைத்து
ஆஜர் எடுத்துக்கொண்டே போனான்.
ஏழு எட்டு, ஏழு எட்டு, ஏழு ஒன்பது.
பத்தொன்பதாவது, ஆறரை.
செம்புத் தகடுகளில் பச்சைப் பாசி.
"இது மட்டும்னா பரவாயில்ல" என்று
எஞ்சினிலிருந்து எண்ணெய்க் குச்சியை உருவினான்.
பால் டீ நிறம்.
எண்ணெயில் தண்ணீர் கலக்கிறதாம்.

"வித்தவனுக்குத் தெரியுமா?"
"மூளையை அழிச்சிருக்கான் அக்கா.
ஒரு பொத்தான். அமுக்கினா
ரெண்டு நாளைக்கு எல்லாம் மறந்துடும்."
எனக்கு அப்படி ஒன்று பொருத்த
என்ன ஆகும் என்று கேட்டேன்.
அவன் சிரிக்கவில்லை. பில் எழுதிக்கொண்டிருந்தான்.

பத்தொன்பதை மாற்றினோம்.
இரண்டு வாரத்தில் ஏழாவது படுத்தது.
பிறகு இருபத்திரண்டு.
புதிது ஒன்று வந்து உட்கார்ந்ததும்
மற்றவை தம் வயதை ஒப்புக்கொள்கின்றன.
ஷினெபயார் போனை எடுப்பதில்லை.
தண்ணீரில் கிடந்த எருமைக்கு
விலை பேசியவள் நான். யாரைச் சொல்ல.

ஆலையில் மாவு பிசையும் நொமுன்தாரிக்கு
ஜப்பானிய மொழி தெரியும்.
ஒருநாள் என்னோடு ஏறினாள்.
குரல் கேட்டதும்
மூக்கால் டீ வரும்வரை சிரித்தாள்.
"சுங்கச் சாலை அட்டை செருகப்படவில்லை.
அவ்வளவுதான் அக்கா சொல்றா."
இத்தனை நாளும்
அவள் வாழ்த்துக்கு நான் தலையாட்டியிருக்கிறேன்.

அன்று மாலை பூரெவ்சுரெனிடம் போய்
அந்தப் பொத்தானை அமுக்கச் சொன்னேன்.
அவன் என்னைப் பார்த்தான்.
அமுக்கினான்.

மறுநாளே ஆள் வந்தது.
அர்வைஹேரிலிருந்து ஒரு பையன், கூட மனைவி,
ஏழு மாதம் இருக்கும்.
அவள் பின்னால் ஏறி
அந்தச் செல்களுக்கு முதுகு கொடுத்து உட்கார்ந்து
கையுறையைக் கழற்றினாள்.
அவன் பொத்தானை அமுக்கினான். குரல் வந்தது.
"என்ன சொல்றாங்க?"

பயணம் நலமாகட்டும்.
நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

"அட்டை செருகலயாம்" என்றேன்.
"என்ன அட்டை?"
"நம்ம ஊர்ல இல்லாத அட்டை."
பொய்யில்லை. ஆனால் அதோடு நிறுத்தியிருக்கலாம்,
அவன் பணத்தை எடுக்கத்தான் கையை விட்டான்.
நான் இறங்கிப் போய் பானெட்டைத் தூக்கி
குச்சியை உருவி
அவன் முகத்துக்கு நேரே பிடித்தேன்.
குளிரில் ஆவி பறந்தது,
இப்போது இறக்கிய டீயைப் போல.

பஸ் நிறுத்தம்வரை நடந்தே போனார்கள்.
அவள் மட்டும் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்.

தவணை இன்னும் இருபத்தெட்டு.
நாளை நாலு மணி ஷிஃப்ட்.
அமுக்குவேன். சொல்வாள்.
தெரியும் என்பேன்.