கங்கை பெருகினால் பதினொன்று

மார்கழி மழை. கோணேசபுரி வளாகத்தில்
கரண்ட் போய் நாலு மணித்தியாலம்.
மடிக்கணினியில் இருபத்தொரு வீதம் மிச்சம்.
அதற்குள் ஒரு கூம்பைச் சரிக்க வேண்டும்.

இலத்திரன் எங்கெல்லாம் போகலாம் என்பதன்
வரைபடம் அந்தக் கூம்பு.
அரை உலோகம் சிலவற்றில் அது
தன் நிறையைக் கழற்றி வைத்துவிட்டு ஓடுகிறது,
ஒளியைப் போல,
ஒளியைவிட முந்நூறு மடங்கு மெதுவாக.

பளிங்கின் இந்த முனையில் கூம்பு நிமிர்ந்து நிற்கிறது:
இடமும் போகலாம், வலமும் போகலாம்.
உள்ளே போகப் போகச் சரிகிறது.
ஓரிடத்தில் அதன் விளிம்பு படுத்தே விடுகிறது.
அதற்கப்பால் எல்லா வழியும் ஒரே திசை.
தாளில் எழுதினால் கருந்துளைக்கு எழுதும் அதே சமன்பாடு,
அதே கழித்தல் குறி, அதே இடத்தில்.

பின்னேரம் கிண்ணியாப் பாலத்தடியில்
முபாரிசுக்கு இதைச் சொன்னேன்.
வலையில் சிக்கிய சல்வீனியாவைப் பிடுங்கிக்கொண்டே கேட்டான்.
"என்ட என்ஜின் ஒம்பது நொட்ஸ்.
கங்கை பெருகினா முகத்துவாரத்துல பதினொண்டு.
அணியத்தை ஆத்துக்குத் திருப்பி முறுக்கினாலும்
தோணி கடலுக்குத்தான் போகும்.
இதுக்கா ஆறு வருசம் படிச்சீங்க?"

இதற்குத்தான்.

"ஆனா நான் வந்துட்டன் தானே" என்றான்.
எப்படி?
"கண்டல் ஓரமா ஒட்டி. அங்க தண்ணி சோம்பல்.
நடு ஆத்தால வரப் பார்த்தாத்தான்..."
நடு ஆற்றால் வரப் பார்த்தவனின் பெயரை அவன் சொல்லவில்லை.
வலையில் இன்னொரு முடிச்சை அவிழ்த்தான்.

பதினொரு வீதம்.
கூம்பு கடைசிவரை கூம்பாக இருப்பதில்லை.
உந்தம் கூடக் கூட, பளிங்கின் அடுக்கு அதை வளைக்கிறது.
மாசு அணு ஒன்றில் இடறிய இலத்திரன்
அந்த வளைவின் சோம்பல் ஓரத்தால் திரும்பி வருகிறது.
வரக்கூடாத பக்கத்தில் மின்னோட்டம்,
மயிரிழை அளவு.
சித்திரையிலிருந்து இரைச்சல் என்று
நான் வடிகட்டி எறிந்துகொண்டிருந்தது.

வடிகட்டியை நீக்கினேன்.
கோடு நடுங்கியது, அழகில்லாமல்.
முடிவுரையில் ஒரு வரி எழுதினேன்:
பளிங்குக்குக் கரை உண்டு;
காலவெளிக்கு இருப்பதாகத் தெரியவில்லை.
பிறகு ஒப்புமை என்ற சொல்லைத் தேடி
பதினேழு இடத்தில்
அதன் முன்னால் 'கிட்டத்தட்ட' சேர்த்தேன்.

மூன்று வீதம். சேமித்தாயிற்று.
வெளியே நிலாவெளி வீதியை வெள்ளம் மூடியிருக்கிறது.
ஒரு பிளாஸ்டிக் செருப்பு மிதந்து போகிறது,
வாசலில் கொஞ்சம் நின்று,
சுழன்று,
மதிலோரமாக.