கழிவு

கீழமாரட் வீதியில் காலை ஐந்தரைக்கு
வெங்காயச் சருகு கணுக்கால் ஏறும்.
எபிநேசர் கேள்வியோடுதான் வருவான்,
டீ கிளாஸை வைக்குமுன் கேள்வியை வைப்பான்.
"ராயப்பண்ணே, மாதாவைக் கும்பிடுறீங்களே, சரியா அது?"

கும்பிடுவது உண்மைதான், தம்பி.
நம் ஊரில் கலெக்டரைப் பார்த்தாலும் கும்பிடு,
கடன்காரனைப் பார்த்தாலும் கும்பிடு.
ஆராதனை வேறு. அது
அவளே முழங்காலிடுகிற இடத்துக்குப் போகிறது.
போன மழையில் உன் மகனுக்கு மூச்சு முட்டியபோது
பெரியாஸ்பத்திரி வராந்தாவில் நின்று
எத்தனை பேருக்குப் போன் போட்டாய்,
ஜெபியுங்கள், ஜெபியுங்கள் என்று?
எனக்கும் போட்டாய்.
நான் அவளுக்குப் போட்டேன்.

இப்படிச் சொல்லியிருக்கலாம்.
என் பதில்கள் எப்போதும்
ஆனையூர் பஸ் ஏறிய பிறகுதான் வரும்.

மூடை இறக்கும் காட்டுராசாவுக்கோ கேள்வியே இல்லை.
"உங்க மாதாவும் எங்க மீனாட்சியும் ஒண்ணுதாண்ணே."
அன்பாகச் சொல்பவனை எப்படி மறுப்பது?
ஒண்ணில்லை, ராசா. அவள் தெய்வமில்லை.
நாசரேத்தில் தண்ணீர் சுமந்தவள்,
உன்னைப்போலவே பிடரி வலித்தவள்.
சுரூபத்தின் மூக்கு உடைந்தபோது
எம்-சீல் பிசைந்து ஒட்டியவனே நான்தான்.
எதற்கு முன்னால் நிற்கிறேன் என்று
எனக்குத் தெரியாதா?

பிறகு ஒருநாள் எபிநேசர் சிரித்துக்கொண்டே கேட்டான்:
"மனுசங்கிட்ட சொன்னா பாவம் போயிருமா?
மூணு ஜெபம் சொல்லிட்டு மறுபடி செய்யலாம்,
லைசென்ஸ் மாதிரி. அப்படித்தானே?"
எனக்கு டீ இறங்கவில்லை.
இதற்கு மட்டும் பதில் கையிலேயே இருந்தது.
அதைத்தான் சொல்ல முடியாது.

மூடைக்கு இரண்டு கிலோ கழிவு.
மண், சருகு, அழுகல். மண்டி வழக்கம்.
செல்லம்பட்டி ஒச்சம்மாளின் பதினாலு மூடைக்கும்
மூன்று என்று எழுதியது இந்தக் கை.
அதிகப்படி பதினாலு கிலோ சில்லறையில் போனது.
கிலோ அறுபது.
எண்ணூற்று நாற்பது ரூபாய்
சட்டைப்பையில், செபமாலைக்குப் பக்கத்தில்.

தவக்காலம். தட்டிக்குப் பின்னால் சாமியார் இருமினார்.
மூன்று அருள்நிறைந்த மரியேயோடு விட்டுவிடுவார் என்று
நானும்தான் நினைத்தேன், எபிநேசர், உன்னைப்போல.
"யார் பணம்?"
சொன்னேன்.
"அவ கைக்குப் போய்ச் சேரணும்.
உன் பேர் போகவேண்டாம், பணம் போகணும்.
மனசு இருக்கா?"
இருக்கு என்று சொல்ல எனக்கு
ஒரு பரலோக மந்திரம் முடிகிற நேரம் ஆனது.
அதன் பிறகே கை உயர்ந்தது.
கை அவருடையது, மன்னிப்பு அவருடையதல்ல.
இருபது வருடம் செக் எழுதும் கணக்கப்பிள்ளைக்கு
இதை யாரும் விளக்கவேண்டியதில்லை:
எழுதுவது நான், பணம் முதலாளியுடையது.

ஒச்சம்மாள் நோட்டுகளை மூன்று தடவை எண்ணினாள்.
"கணக்குல பிசகிப்போச்சு ஆத்தா" என்றேன்.
"பிசகலை. நீ எழுதுறப்பவே பாத்தேன்.
இம்புட்டு நாள் கழிச்சு
எந்தச் சாமி ஒன்னையப் பிடிச்சுத் தள்ளுச்சு?"
மோர் தரவில்லை. உட்காரச் சொல்லவில்லை.
நாய் மட்டும் ரோடுவரை வந்தது.

ஜூனில், அந்தோனியார் அசனத்துக்கு
நாற்பது கிலோ வாங்க அதே சாமியார் மண்டிக்கு வந்தார்.
தராசைப் பார்க்கவில்லை, என் பேனாவைப் பார்க்கவில்லை.
"வெலை கூடுதலா இருக்கே, ராயப்பா" என்று
அரைமணி நேரம் பேரம் பேசினார்.
எண்ணூற்று நாற்பதைப் பற்றி
இந்த மதுரையில் அவரைவிடப் பெரிய ஊமை இல்லை.

"பதிலே சொல்லலையேண்ணே" என்கிறான் எபிநேசர்.
லாரி பின்வாங்குகிறது. காட்டுராசா விசில் அடிக்கிறான்.
நோட்டைத் திறந்து, கழிவு என்ற கட்டத்தில்
எழுதுகிறேன்: இரண்டு.

எழுதுமுன் பேனா ஒரு நொடி நின்றது,
அதையும் மறைப்பானேன்.
அடுத்த தவக்காலம் வரை தாங்காது போலிருக்கிறது.
சனிக்கிழமையே போகவேண்டும்.