நாற்பத்தோராவது குப்பி

சித்திரை. இரவு பதினொன்றுக்கும்
நாகமலைப் பாறை சூடு கக்குகிறது.
கரண்ட் போய், வந்து, போய், வந்துவிட்டது.

சாராயத்தில் கரைத்த சிலிக்கேட்; ஒரு சொட்டு அமிலம்.
கண்ணுக்கு எதுவும் நடக்கவில்லை.
உள்ளே
தலைமுடியின் பருமனில் பத்தாயிரத்தில் ஒரு பங்குத் துகள்கள்
ஒன்றையொன்று தொட்டு, நீரை உதறி,
கைகோத்துக்கொண்டே போகின்றன.
எந்த நொடி என்று தெரியாது.
சாய்த்தேன்,
சிந்தவில்லை.

கட்டிவிடலாம். காயவைப்பதுதான் பாடு.
நுண்துளை ஒவ்வொன்றிலும் பின்வாங்கும் ஈரம்
சுவரையும் பிடித்து இழுக்கிறது,
விடைபெறும் விருந்தாளி
நிலைக்கதவைப் பெயர்த்துக்கொண்டு போவது மாதிரி.
முந்தைய நாற்பது குப்பிகளிலும்
வண்டியூர்க் கண்மாயின் கோடை வண்டல்தான்:
பாளம் பாளமாக.

விளக்குத்தூண் பக்கம் ஜிகர்தண்டா டம்ளரில்
பாதாம் பிசினைக் கரண்டியால் அழுத்தி
ஷர்புதீன் சொன்னான்:
"பாரு தமயந்தி, அமுக்கினா போகுது, விட்டா வருது.
உன் கண்ணாடிக்குத்தான் வளையத் தெரியல."
அதனால் இம்முறை பாலிமர் கலந்திருக்கிறேன்.
நீண்ட, சோம்பேறி இழைகள்.
வலைக்குள் இன்னொரு வலை.

மூடியில் ஊசியால் மூன்று துளை.
ஒன்பது நாள்.
பொறுமை என்று எழுத மனமில்லை;
தினமும் நான்கு முறை எட்டிப் பார்த்தேன்.

இன்று காலை
கட்டைவிரல் நகமளவு சுருங்கி,
பால் கலந்த நீலத்தில் ஒரு வில்லை.
விளிம்பில் விரிசல்.
ஆனால்
பாதி வழியில் நின்றிருக்கிறது.

எதைக் கண்டு நின்றது?
எலக்ட்ரான் நுண்ணோக்கிக்கு வரிசை நீளம்.
என் எண் பதினேழு.