இணைந்தது என்கிறது

லாட்ஜ் கம்ப்யூட்டருக்குப் பதினொரு வயது.
விண்டோஸ் மூச்சு வாங்கியபோது
காட்பாடி இம்தாதுல்லா வந்து லினக்ஸ் போட்டான்,
டிராயரில் ஒரு டாங்கிளை விட்டுவிட்டு
ஓசூருக்கு வேலைக்குப் போய்விட்டான்.
ஹெட்போன் துளைக்குள் எப்போதோ போன கரப்பான்
இன்னும் வெளியே வரவில்லை.

ஸ்பீக்கர் என்னுடையது இல்லை.
206-ல் தங்கியிருக்கும் தாபஸ் மண்டல்,
அறையில் பிளக் தளர்ந்துவிட்டதென்று
சார்ஜ் போடக் கொடுத்தது.
மாதுளம்பழ அளவு. நீலம்.
அவர் மனைவிக்கு நாளை மறுநாள் ஆபரேஷன்.
"பாட்டு கேளுங்க தாதா" என்று சொல்லிவிட்டு
மேலே போனார்.

பாட்டு எனக்கு எதற்கு.
குரூப் ஃபோர் பாடம் எழுபத்திரண்டு வீடியோ
ஹார்ட் டிஸ்க்கில் ஊமையாகக் கிடக்கிறது.
என் போனோ காகிதப்பட்டறை ரிப்பேர்க் கடையில்.
வாத்தியாரின் வாயசைவை வைத்தே
குடவோலை முறை வரைக்கும் வந்துவிட்டேன்.

மணி பன்னிரண்டே முக்கால்.
வேலை செய்கிற யூஎஸ்பி துளை ஒன்றுதான்.
அதில் டாங்கிளைச் செருகினேன்.
கருப்புத் திரை. ஸ்கேன் ஆன்.
பாபு ராவ் தெருவே ஏறி வருகிறது:
எதிர் மெடிக்கல்காரரின் இயர்பட்,
யாருடையதோ ஒரு வாட்ச்,
மூன்றாம் மாடியில் பெயரில்லாத ஏதோ ஒன்று
வெறும் எண்ணாக விழித்திருக்கிறது.
கடைசியில் நீலம்.

பேர் என்று அடித்தேன். சரி என்றது.
அடுத்து ட்ரஸ்ட்.
நம்பு என்று நான் சொல்ல வேண்டுமாம்,
பார்த்து அரை நாள் ஆகாத பொருளை.
அட்வான்ஸ் வாங்காமல் சாவி கொடுத்ததில்லை நான்.
நம்பு என்றேன்.
கனெக்ட் என்றேன்.
முடியாது, ஒரு பொட்டலம் குறைகிறது என்றது.
லாட்ஜ் வைஃபையில்
அந்தப் பொட்டலம் இறங்க இருபது நிமிடம்.

ஓசையைக் கவனிக்கும் நிரலுக்குப் பல்ஸ் என்று பெயர்.
நாடி. அதை ஒருமுறை கொன்றுவிடு,
தானாக எழுந்துகொள்ளும் என்பான் இம்தாது.
ஆஸ்பத்திரிக்கு இத்தனை அருகில் உட்கார்ந்து
கில் என்று அடிக்க விரல் கூசியது.
அடித்தேன்.
எழுந்துகொண்டது.

ஸ்பீக்கருக்குள்ளிருந்து ஒரு சீனத்துப் பெண்
"கனெக்டட்" என்றாள்.
திரையும் இணைந்தது என்கிறது.
வாத்தியார் கையை ஆட்டுகிறார்.
சத்தம் மட்டும் இல்லை.

தண்ணி இல்லாத ஆறு, ராசா இல்லாத கோட்டை என்று
எங்கள் ஊரைச் சொல்லுவார்கள்.
இதையும் சேர்த்துக்கொள்ளட்டும்.

பிளேயரில் நூறு வைத்தேன்.
சிஸ்டத்தில் நூறு.
நீலத்தின் முதுகில் பிளஸ் பட்டனை
அமுங்கும் மட்டும் அமுக்கினேன்.
ஒரு டீ குடித்தேன்.
அப்புறம்தான் கண்ணில் பட்டது,
ஓசை இத்தனை நேரமும்
ஹெச்டிஎம்ஐ வழியாக மானிட்டருக்குப் போயிருக்கிறது,
வாயே இல்லாத மானிட்டருக்கு.
வழியை மாற்றினேன். ஒரே ஒரு கிளிக்.

"ஆயிரத்து எண்ணூற்று ஆறு! ஜூலை பத்து!
வேலூர்க் கோட்டைக்குள்ளே! நள்ளிரவு தாண்டி!"

கோட்டை இங்கிருந்து நடக்கிற தூரம்.
மூன்று மாடியிலும் தாழ்ப்பாள் விழும் சத்தம்.
வங்காளத்தில் ஒருவர், மலையாளத்தில் இருவர்
என்ன என்ன என்கிறார்கள்.
ஸ்பேஸ் பாரைத் தேடிய விரல்
எஃப் லெவனில் விழ
வாத்தியார் திரை முழுக்க வளர்ந்து
"சுட்டார்கள்!" என்றார்.

தாபஸ் இறங்கி வந்தார், கையில் காலி ஃபிளாஸ்க்.
மைனஸ் பட்டனை எட்டு முறை அழுத்தினார்.
போய்விடுவார் என்று பார்த்தால்
நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.
"யாரைத் திட்டறார்?"
"வெள்ளைக்காரனை."
"சரி. ஓடட்டும். எனக்குத் தூக்கம் வரல."

இருவருமாகக் கேட்டோம்.
அவருக்குத் தமிழ் பாதி, எனக்குச் சரித்திரம் பாதி.
கோட்டையில் கொடி ஏறுகிற நேரத்தில்
குறுக்கிட்டாள் சீனத்துப் பெண்:
"பேட்டரி லோ."

அவர் நீலத்தைப் பார்த்தார்.
ஒற்றைத் துளையில் மினுக்கும் டாங்கிளைப் பார்த்தார்.
மேஜை மேல் சுருண்டு கிடந்த
சார்ஜ் ஒயரைப் பார்த்தார்.
என்னைப் பார்க்கவில்லை, நல்ல மனுஷன்.