சிவப்புக் கோட்டில் ஒரு நெல்லளவு

லா பிரெவீன். ஜனவரி. காலை ஐந்தேகால்.
வெளியே மைனஸ் இருபத்தாறு.
பால் கேன்களை உருட்டிவந்த கையை
முழங்கைவரை கழுவி
செப்புக் கொப்பரைக்குள் விட்டேன்.
விறைத்த கைக்குப் பச்சைத் தண்ணீரே சுடும்.
அந்தக் கைக்கே
இந்தப் பால் ஆறிக் கிடந்தது.

மிதந்துகொண்டிருந்த தெர்மாமீட்டரோ
முப்பத்திரண்டு என்றது.

ஒடில் மத்தே கண்ணாடியை நம்புகிறவள்.
நானும்தான்.
அது பாலைப் பற்றி எதுவும் சொல்வதில்லை,
பாலோடு கிடந்து பாலின் சூட்டுக்கு வந்தபின்
தன்னைப் பற்றித்தான் சொல்கிறது.
தன்னைப் பற்றிப் பொய் சொல்ல
சாயம் போட்ட சாராயத்துக்கு என்ன தேவை?
உறைநீரை ஊற்றினோம்.

நாற்பது நிமிடம் கழித்தும்
கரண்டியில் தளும்பியது
ஆயிரத்து இருநூறு லிட்டர்.

"உன் கை என்ன சொன்னது?"
சொன்னேன்.
"அப்போதே சொல்ல வாயில்லையா?"
பிரெஞ்சில் யார் திட்டினாலும்
எனக்குப் பாதிதான் உறைக்கும்.
இது முழுதாக உறைத்தது.

விளக்கடியில் பிடித்துப் பார்த்தோம்,
கண்ணும் கோடும் ஒரே மட்டத்தில்.
நடுவே வெட்டு.
ஒரு நெல்லளவு வெற்றிடம்.
மேல்துண்டு தனியே பிரிந்து
உயரத்தில் ஒட்டிக்கொண்டு
முப்பத்திரண்டு, முப்பத்திரண்டு என்றிருக்கிறது.
உண்மையில் இருபத்தேழு.

ஒடில் ஜன்னலைத் திறந்தாள்.
விளிம்புப் பனியில் குத்தி நட்டாள்.
கோடு இறங்கியது:
பத்து, மூன்று, பூச்சியம்,
பிறகு எண்களே இல்லாத கழுத்து,
பிறகு குமிழ்.
எது மேல்துண்டு, எது கீழ்த்துண்டு,
இனி யாரும் பிரித்துச் சொல்ல முடியாது.

உள்ளே கொண்டுவந்து
உருகும் பனியில் வைத்தோம். பூச்சியம். சரி.
வெந்நீரில் விட்டதும்
கோடு ஏறவில்லை.
ஓர் இமைப்பொழுது இறங்கியது.
பதறிவிட்டேன்.
"கண்ணாடிக்குத்தான் முதலில் சுடும்,
அது விரிந்துகொடுக்கும்.
உள்ளே இருப்பதற்குப் பிறகுதான் தெரியும்"
என்றாள், என்னைப் பார்க்காமல்.
அதற்குள் ஏறத் தொடங்கியிருந்தது.

பாலை மெல்லச் சூடேற்றி
எப்படியோ தோயவைத்தோம்.
அன்றைய மூன்று சக்கரங்களும்
நிலவறையில், கதவோரப் பலகையில்.
மேலே சாக்குக்கட்டியில் 27 என்று
அவள் கையெழுத்து.
புரட்டிப் போடும்போது ஒவ்வொரு முறையும்
உள்ளங்கையை ஒரு கணம்
அதன்மேல் வைத்துப் பார்க்கிறேன்.
நிலவறைச் சூடுதான்.
வேறென்ன இருக்கும்.