இடது பக்கம்

தண்டவாளம் கடக்கும்போது
பின்னுக்கிருந்து ஒரு டொக்.
டிரங்கில் உருளும் தண்ணீர்ப் போத்தல் என்று நினைத்தேன்.
போத்தலை எடுத்தேன்.
பிறகு உப்பு மூட்டையை,
பிறகு மகளின் ஸ்கேற் சப்பாத்தை.
வெறும் டிரங்கோடு போனாலும்
டொக்.

கராஜ்காரன் காரை உயர்த்தி லைற் அடித்தான்.
"புஷ் ரெண்டும் போச்சு."
றப்பர் கிழிந்து
நாய் நாக்கு மாதிரி வெளியே தொங்கியது.
கூலியோடு எண்ணூற்று நாற்பது என்றான்.
காரை விற்றால் அவ்வளவு வராது.
மூன்று லட்சத்துப் பதினோராயிரம் கிலோமீற்றர்.
இருபது மாரி ஒன்ராறியோ உப்பு தின்ற அடிவயிறு.

சாமான் மட்டும் வாங்கினேன், ஐம்பத்தெட்டு டொலர்,
கைக்குள் அடங்கும் இரண்டு பெட்டி.
இரும்பு வளையத்துக்குள் இரும்புக் குழாய்,
இடையில் கறுப்பு றப்பர்.
ஒன்றையொன்று இடிக்க விடாமல் வைத்திருப்பது,
அதுதான் அதற்கு வேலை.

சனிக்கிழமை. ஓஷவா. ஏப்ரல் என்ற பெயரில் ஒரு குளிர்.
காரை ஜக்கில் ஏற்றி ஸ்ராண்ட் வைக்கிறேன்,
பேஸ்மென்ற் கதவு திறக்கிறது.
நிரோஜன்.
இரண்டு மாச வாடகை பாக்கி.
குப்பை வைக்கும் நாளில்கூட
மூன்று கிழமையாய் என் கண்ணில் படாதவன்.
செருப்போடு வந்து நின்று
"லைற் பிடிக்கட்டோ அக்கா?"
பிடி என்றேன்.

போல்ற் சுற்றியது. கழரவில்லை.
உள்ளே குழாயோடு துருவால் ஒட்டி
குழாயையும் கூட்டிக்கொண்டு சுற்றியது.
எண்ணெய் விட்டோம். தேத்தண்ணி குடித்தோம்.
திரும்ப எண்ணெய்.
ஸ்பானரில் நீளக் குழாய் செருகி
இரண்டு பேரும் தொங்கிப் பார்த்தோம்.
கடைசியில் அறுத்தோம், இரண்டு பக்கமும்,
மூன்று வாள் அலகு உடைய.
புதுப் போல்ற்றுக்கு அவன்தான் சைக்கிளில் போனான்.
மிச்சக் காசை
ஐந்து சதம் வரைக்கும் எண்ணி
என் கிறீஸ் கையில் வைத்தான்.

பழைய றப்பரை ரோர்ச்சால் எரித்தோம்.
கரும்புகை.
எதிர்வீட்டு டொறீன் யன்னலைச் சாத்தினாள்.
அந்த மணத்துக்கு அவன்
ஏதோ சொல்ல வாய் எடுத்தான்,
சொல்லவில்லை.
எனக்கும் அந்த மணம் தெரியும்.
கேட்கவில்லை.

புதுசை உள்ளே இழுக்க
நீளத் திருகு, கனத்த வாஷர்கள், சோப்புத் தண்ணி.
அம்புக்குறி நேரே வரவேணும் என்று
மூன்றுதரம் கழற்றிப் பூட்டினேன்.
நாலாந்தரம் அவன்தான் காட்டினான்,
நான் பெட்டியின் படத்தைத்
தலைகீழாகப் பிடித்திருந்ததை.

"இப்ப இறுக்கட்டோ?"
பொறு.
சில்லு அந்தரத்தில் தொங்கும்போது இறுக்கினால்
அந்தத் தொங்கலையே றப்பர் தன் இருப்பாக்கிக்கொள்ளும்.
நிலத்தில் இறக்கினதும் முறுகும்,
ஒவ்வொரு குழியிலும் முறுகும்,
ஆறு மாசத்தில் கிழியும்.
கீழே ஜக் வைத்து
காரின் பாரம் வந்து உட்கார்ந்த பிறகே
கடைசி இறுக்கு.

ஜக் முனகியது. கார் இறங்கி அமர்ந்தது.
காரின் அடியிலிருந்து அவன் குரல்:
"அக்கா, அந்த வாடகை..."
"லைற்றை நேராப் பிடி."
க்ளிக் என்றது ஸ்பானர்.
இன்னொரு தரம், நம்பிக்கையில்லாமல், க்ளிக்.

அதற்குள் இருட்டிவிட்டது.
தண்டவாளம் வரைக்கும் ஓடிப் பார்த்தோம்.
பின்சில்லுகள் ஏறி இறங்கின.
இடப்பக்கம் மூச்சுக் காட்டவில்லை.
வலப்பக்கம்
டொக்.

அவன் சிரித்துவிட்டான்.
எனக்கும் வந்தது.
"வாற சனி எத்தினை மணிக்கு?"
ஒன்பது என்றேன்.
பின்சீற்றில் மற்றப் பெட்டி
பிரிக்காமல் கிடந்தது.